தனியும் தனிமையும்

ஆங்கிலத்தில் 'அலோன்' என்றொரு சொல் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே கற்றுவிடும் எளிய சொல் அது. உடன் எவரும் இல்லாதிருக்கும் ஒருவரைக் குறிப்பது. அகராதியைப் புரட்டினால் 'தனியான', 'தனித்த' என்று பொருள் எழுதியிருக்கும். 'லோன்' என்ற சொல்லைத் தேடினாலும் – வங்கியில் வாங்கும் லோன் அன்று, இது வேறு – 'தனியான' என்றே இருக்கும். 'லோன்லி' என்பதற்கும் அதுவே. 'சாலிட்டரி' என்பதற்கும் அதுவே. நான்கு சொற்களுக்கும் ஒரே பொருள் என்றால் ஆங்கிலேயர் நான்கையும் ஏன் வைத்துக்கொண்டிருக்கின்றனர்?

நாம் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்கள் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டதுண்டு. இலக்கண வகுப்பில் விடை சொல்வது எளிது. ஆனால் அந்த விடை எத்துணை முக்கியமானது என்பதை வகுப்பறைக்கு வெளியே, ஒரு வீட்டுத் திண்ணையில்தான் நாம் முழுமையாக அறிந்தோம். அதைச் சொல்வதற்கு முன் சொல்லின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

'அலோன்' என்பது உண்மையில் ஒரு சொல் அன்று, இரண்டு சொற்கள். 'முழுதும்' என்னும் பொருளுடைய 'ஆல்' என்பதும், 'ஒன்று' என்னும் பொருளுடைய சொல்லும் கி.பி. 1300-ஐ ஒட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாயின. 'முழுதும் ஒன்று', 'முற்றிலும் ஒருவர்' என்பதே அதன் சொற்பொருள். ஜெர்மன் மொழியின் 'அல்லைன்' என்ற சொல்லும் இவ்வாறு பிறந்ததே. ஒன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இன்று 'வன்' என்று ஒலிக்கின்றனர். பண்டைக் காலத்தில் அதை 'ஓன்' என்பதுபோல் ஒலித்தனர். 'வன்' என்ற ஒலி பிற்காலத்தில் வந்து நிலைத்தது. ஆயினும் பழைய ஒலி 'அலோன்' என்ற சொல்லின் உள்ளே இன்றளவும் உயிரோடிருக்கிறது. 'மட்டும்' என்னும் பொருளுடைய 'ஓன்லி' என்ற சொல்லிலும் அதே 'ஓன்' உண்டு. செய்த குற்றத்துக்குப் பரிகாரம் செய்து மீண்டும் ஒன்றாதலைக் குறிக்கும் 'அடோன்' என்ற சொல்லிலும் அதுவே உண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்டிருப்பதுபோல இச்சொற்கள் அகராதியில் அங்கங்கே இருக்கின்றன.

'அலோன்' என்பதன் முதலெழுத்து தேய்ந்து 'லோன்' ஆயிற்று. தாமரையை 'மரை' என்று வழங்குவதை நம் இலக்கணத்தார் முதற்குறை என்பர் அல்லவா? அதே வகை. இவ்விரண்டையும் ஆங்கிலேயர் இடமறிந்து ஆளுகின்றனர். ஒரு மரம் தனியே நிற்கிறது என்று பயனிலையாகச் சொல்ல 'அலோன்' வரும். தனி மரம் என்று பெயருக்கு முன்னே அடைமொழியாக வைக்க 'லோன்' வரும். இடம் மாற்றி எழுதினால் ஆங்கிலேயர் காதுக்கு அது உறுத்தும். இந்த அளவு வேறுபாட்டை மாணவர்கள் ஒரு வாரத்தில் கற்றுவிடுவார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'அவர் வந்தார்' என்னும் வாக்கியத்தின் இறுதியில் 'அலோன்' என்ற சொல்லைச் சேர்த்தால் அவர் தனியாக வந்தார் என்று பொருள். அதே சொல்லை 'அவர்' என்பதை அடுத்து வைத்துவிட்டால் அவர் மட்டுமே வந்தார், மற்றவர் எவரும் வரவில்லை என்று பொருள். தமிழில் 'மட்டும்' என்ற சொல்லும், தேற்றத்து ஏகாரமும் செய்யும் வேலையை அங்கே இச்சொல் செய்கிறது. 'அல்லாஹ் ஒருவனையே வணங்குகிறோம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் புகுவோர் இந்தச் சொல்லைத்தான் நாடுகின்றனர். நாம் ஓர் ஏகாரத்தில் அடக்குவதை அவர்கள் ஒரு முழுச் சொல்லால் சொல்கின்றனர். ஆக, இச்சொல்லின் இயல்பான பொருள் எண்ணிக்கையே. ஒருவர், வேறெவரும் இல்லை. அவர் மகிழ்ந்திருக்கிறாரா, வருந்தியிருக்கிறாரா என்பதைப் பற்றி இச்சொல் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

வாய் திறப்பது 'லோன்லி' என்ற சொல். இதன் மிகப் பழைய ஆட்சிகளுள் ஒன்று ஷேக்ஸ்பியரின் 'கோரியலேனஸ்' நாடகத்தில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நாடகம் அது. அக்காலத்தில் இச்சொல்லும் 'துணையின்றி இருக்கும்', 'ஆள் நடமாட்டமற்ற' என்ற அளவிலேயே நின்றது. துணையில்லாமையால் மனம் வாடியிருத்தல் என்ற பொருள் இச்சொல்லுக்கு ஏறியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இன்று அந்தப் பொருளே முதன்மையாகிவிட்டது. 'அலோன்' என்பது புறத்தே காணும் நிலை. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். 'லோன்லி' என்பது அகத்தே உள்ள நிலை. கேட்டால் மட்டுமே தெரியும்.

தமிழுக்கு இந்த வேறுபாடு தெரியாததா? தெரியும். தனி என்ற நம் சொல்லும் வருத்தத்தைச் சுமந்து பிறந்த சொல் அன்று. தனிச்சிறப்பு என்கிறோம், தனித்திறமை என்கிறோம். அவற்றில் பெருமையே இருக்கிறது. திருக்குறளின் 120-ஆம் அதிகாரத்துக்குத் 'தனிப்படர் மிகுதி' என்று பெயர். படர் என்றால் நினைந்து வருந்தும் துன்பம். தனி என்பது மட்டும் துன்பத்தைச் சொல்லப் போதாது என்பதால் படர் என்ற சொல்லும் உடன் வந்தது. அதற்கும் முன்னே தொல்காப்பியத்தின் உரியியல், 'புலம்பு' என்ற சொல்லுக்குத் தனிமை என்று பொருள் உரைக்கிறது. இன்று புலம்பு என்றால் ஓயாமல் வாய்விட்டு வருந்துதல் என்று கொள்கிறோம். தனிமையைக் குறித்த சொல், தனிமையில் இருப்போர் எழுப்பும் ஓசைக்குப் பெயராகிவிட்டது. வீட்டில் வயதானவர் எவரேனும் புலம்பினால் நாம் எரிச்சலடைகிறோம். அந்தச் சொல்லின் பழைய பொருளை நினைவிற்கொண்டால் எரிச்சலடைய மாட்டோம்.

ஆனால் அன்றாடப் பேச்சில் நம்மிடம் எஞ்சியிருப்பது 'தனியாக' என்ற ஒற்றைச் சொல்தான். எண்ணிக்கைக்கும் அதுவே, மனவாட்டத்துக்கும் அதுவே. இதனால் நேரக்கூடிய இடரைத்தான் சொல்ல வந்தோம்.

நம் ஊர் கடலோரத்து ஊர். இளைஞர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். நம் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். எழுபது கடந்தவர். கணவர் வஃபாத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் கனடாவில், டொரோண்டோ நகரில், குடும்பத்தோடு இருக்கிறார். பேத்தி அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசினால் ஓரளவு விளங்கிக்கொள்வாள், எழுத வராது. அவள் ஆங்கிலத்தில் எழுதிக் கைப்பேசியில் அனுப்பும் கடிதங்களை மாமிக்கு வாசித்துக் காட்டுவதும், மாமி சொல்லும் மறுமொழியை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதும் நம் வேலை.

சென்ற ஆண்டு வந்த கடிதம் ஒன்று மற்றவற்றைப் போன்றதன்று. வீட்டைப் பூட்டிச் சாவியை உறவினரிடம் கொடுத்துவிட்டு உம்மாவைக் கனடாவுக்கே அழைத்துக்கொள்வது என்று மகனுக்கு எண்ணம். பெற்றோர் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து தங்க இடந்தரும் விசா அந்நாட்டில் உண்டு. அதற்கான தாள்களை அவர் திரட்டத் தொடங்கியிருந்தார். பேத்தி அதைத் தன் போக்கில் தெரிவித்துவிட்டு, இறுதியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நீங்கள் அங்கே 'லோன்லி'யாக இருக்கிறீர்களா என்று.

மாமியின் முகத்தைப் பார்த்தோம். இதை எப்படித் தமிழில் கேட்பது? 'தனியாக இருக்கிறீர்களா என்று கேட்கிறாள்' என்று சொன்னால் மாமி 'ஆமாம், தனியாகத்தானே இருக்கிறேன், வேறு யார் இருக்கிறார்கள்?' என்பார். அது எண்ணிக்கைக்கான விடை. அந்த 'ஆமாம்' அப்படியே கடல் கடந்து போனால் மனவாட்டத்துக்கான விடையாக அங்கே போய்ச் சேரும். வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் ஐம்பது ஆண்டுகளாக இருந்த வீடு பூட்டப்படுவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

ஆகவே நாம் கேள்வியைப் பிரித்துக் கேட்டோம். "மாமி, வீட்டில் நீங்கள் ஒருவர்தாம் என்பது பிள்ளைக்குத் தெரியும். அவள் கேட்பது அதையன்று. யாரும் இல்லையே என்று மனம் வாடுகிறதா என்று கேட்கிறாள்."

மாமி உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"பகல்ல எங்கே வாப்பா அதுக்கு நேரம்? ஓத வர்ற பிள்ளைகள் போகவே பத்து மணி ஆகும். அப்புறம் மீன்காரி வருவா. அடுத்த வீட்டு மதினி வந்து உட்கார்ந்தா லுஹருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் எழும்புவா. ராத்திரியும் படுத்தா உறங்கிருவேன். மஃரிபு தொழுத பிறகுதான்... உங்க மாமா பள்ளியிலேயிருந்து வந்து திண்ணையிலே செருப்பைக் கழட்டுற நேரம். அந்த ஒரு மணி நேரம்தான் கடக்க மாட்டேங்குது."

நாம் அதை அப்படியே எழுதினோம். உன் பாட்டி 'அலோன்'. ஆனால் பகலில் 'லோன்லி' அல்லர். மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மட்டும் அவர் 'லோன்லி' என்று. ஆங்கிலம் அந்த இரண்டு சொற்களையும் வைத்திருந்ததற்காக அன்று அந்த மொழிக்கு நன்றி சொன்னோம்.

இதற்கு நேர்மாறான நிலையையும் நாம் அறிவோம். 1980-களில், ஆசிரியப் பணிக்கு வருமுன், மூன்று ஆண்டுகள் வளைகுடா நகரொன்றில் நாம் வேலை பார்த்தோம். ஓர் அறையில் எண்மர். கட்டிலுக்கு மேல் கட்டில். எழுவர் மணமானவர்கள், சிலருக்கு நான்கைந்து பிள்ளைகள். ஆயினும் அங்கே எங்கள் எல்லோருக்கும் 'பேச்சிலர்' என்றே பெயர். மனைவி மக்களை உடன் கொண்டுவரும் வசதியோ அனுமதியோ இல்லாதவர் அனைவரையும் அந்நாடுகளில் அச்சொல்லால்தான் சுட்டுவர். குடும்பங்கள் வாழும் பகுதிகளில் தொழிலாளர் கூட்டாகத் தங்குவதைத் தடுத்துக் கத்தார் 2010-இல் சட்டமே இயற்றியது. ஆயிரம் பேர் நிறைந்த கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் ஒரு குடும்பமும் இல்லை.

அந்த அறையில் யாரும் ஒரு நிமிடமும் 'அலோன்' அல்லர். சமைக்கும்போது ஒருவர் அருகில் நிற்பார், உண்ணும்போது எண்மரும் சேர்ந்திருப்போம், உறங்கும்போது மேலே ஒருவர் புரளும் ஓசை கேட்கும். வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது 'நம்மூர்ப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒன்றாக இருக்கிறோம், கவலை வேண்டாம்' என்று தவறாமல் எழுதுவோம். எண்ணிக்கை சரிதான். அக்காலத்தில் கடிதத்தோடு கேசட்டும் வரும். மனைவியும் பிள்ளைகளும் பேசிப் பதிந்தனுப்பிய கேசட். அதைக் கேட்பவர் டேப் ரிக்கார்டரைத் தலைமாட்டில் வைத்து, ஒலியைக் குறைத்து, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்வார். அந்தப் போர்வைதான் அவருடைய தனி அறை. அழவேண்டும்போல் இருந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார்கள். தண்ணீர் ஓடும் ஓசை நெடுநேரம் கேட்டால் மற்றவர் கதவைத் தட்டமாட்டோம்.

எண்மர் கூடி வாழ்ந்த இடத்தில் மனவாட்டத்துக்குக் குறைவில்லை. தனித்திருக்க மட்டும் இடம் இல்லை. அந்த அறையையும் மாமியின் வீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் 'அலோன்' வேறு, 'லோன்லி' வேறு என்பது எந்த அகராதியும் இல்லாமலே விளங்கும். வீட்டாரோ எண்மர் அறையில் இருந்த மகனைப் பற்றி நிம்மதியாக இருந்தனர். வீட்டில் ஒருவராக இருக்கும் தாயைப் பற்றித்தான் கவலைப்படுகின்றனர்.

தனித்திருத்தல் சில வேளை மனிதனுக்குத் தேவை என்பதையும் இந்த ஆங்கிலச் சொல்லே நினைவூட்டுகிறது. 1932-இல் வெளிவந்த 'கிராண்ட் ஹோட்டல்' என்ற திரைப்படத்தில் கிரெட்டா கார்போ என்ற புகழ்பெற்ற நடிகை, தாம் தனியே இருக்க விரும்புவதாக ஒரு வசனம் பேசினார். அது அவருடைய சொந்த வாழ்க்கைக்கே முத்திரை வாசகம்போல் ஆகிவிட்டது. பின்னாளில் அவர் மறுத்தார். தாம் 'அலோன்' ஆக இருக்க விரும்புவதாகச் சொன்னதில்லை. 'லெட் அலோன்' ஆக இருக்கவே விரும்புவதாகச் சொன்னதுண்டு. இரண்டுக்கும் இடையே பெருத்த வேறுபாடு இருக்கிறது என்றார். முன்னது, எவரும் வேண்டாம் என்பது. பின்னது, எம்மைத் தொல்லை செய்யாமல் எம் போக்கில் விடுங்கள் என்பது.

இந்த 'லெட் அலோன்' என்ற தொடருக்குச் சட்டத்திலும் பெருமை உண்டு. 1890-இல் அமெரிக்க வழக்கறிஞர்களாகிய வாரனும் பிராண்டைஸும் ஹார்வர்டு சட்ட இதழில் எழுதிய கட்டுரையில், அமைதியாக விடப்படும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று அத்தொடரைக்கொண்டே வாதிட்டனர். அது நம் தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தது. 'நக்கீரன்' ஏட்டின் ஆசிரியர் தொடுத்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் 1994-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குடிமக்களின் அந்தரங்க உரிமையை விளக்கும்போது இதே தொடரை ஆண்டது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையே என்று உறுதி செய்தது. எண்மர் அறையில் போர்வைக்குள் தேடியதை உலகம் இப்போது உரிமை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நம் மார்க்க வழக்கிலும் விரும்பி ஏற்கும் தனித்திருத்தலுக்கு இடமுண்டு. ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் பள்ளிவாசலின் ஒரு மூலையில் இஃதிகாஃப் இருப்பவரைக் கண்டு எவரும் இரக்கப்படுவதில்லை. அரபு மொழியில் ஒருவராக இருத்தலைச் சொல்ல வஹ்தத் என்ற சொல் உண்டு. துணையின்றி மனம் வெறிச்சோடிக் கிடத்தலைச் சொல்ல வஹ்ஷத் என்ற வேறு சொல் உண்டு. அதற்கு மாற்றாக, அன்பர் அருகிருக்கும் இதத்தை உன்ஸ் என்பர்.

ஆனால் அது விரும்பி ஏற்பதாக இருக்கவேண்டும். பிறர் திணிக்கும் தனித்திருத்தல் தண்டனை. அதனால்தான் ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்றுக்கொண்ட சிறைவாசிகளுக்கான நெல்சன் மண்டேலா விதிகள், நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பு இன்றி ஒருவரை அடைத்துவைப்பதைத் தனிமைச் சிறை என்று வரையறுத்து, தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் அவ்வாறு வைக்கலாகாது என்று தடுக்கின்றன. வயதான பெற்றோரை வீட்டில் விட்டுச் செல்வோர், 'பொருளுள்ள மனிதத் தொடர்பு' என்னும் அச்சொற்களைச் சிந்திக்கவேண்டும். மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பும் பையனை அந்தக் கணக்கில் சேர்க்கமுடியுமா?

இந்தச் சொற்களின் வரிசையில் இன்னும் ஒன்று இருக்கிறது: 'அன்அகம்பனீட்'. துணைக்கு ஆள் வராத என்று பொருள். விமானப் பயணம் செய்யும் குடும்பத்தார் இதை அறிவர். பெற்றோர் இன்றி ஏறும் சிறுவரை விமான நிறுவனத்தார் இச்சொல்லால் குறிப்பர். கழுத்தில் ஒரு பையை மாட்டி, அதில் தாள்களை வைத்து, இந்த முனையில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி ஏற்று, அந்த முனையில் இன்னொருவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பர். இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. 'கோம்' என்றால் உடன்; 'பானிஸ்' என்றால் ரொட்டி. இவ்விரண்டும் சேர்ந்து 'கம்பேனியன்' என்ற சொல் பிறந்தது. துணைவன் என்பவன் உடன் அமர்ந்து ரொட்டி உண்பவன். ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் நம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாறாயின் 'அன்அகம்பனீட்' என்பதன் அடிவேர்ப் பொருள், உண்ணும்போது எதிரே ஆள் இல்லாதவர் என்று ஆகிறது.

நம் கடிதத்துக்குக் கனடாவிலிருந்து என்ன மறுமொழி வந்தது என்று வாசகர் கேட்கலாம். கடிதமாக ஒன்றும் வரவில்லை. அப்போது அங்கே குளிர்காலம். அக்காலத்தில் டொரோண்டோ நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பிந்தியது. இங்கே மஃரிபு தொழுது முடித்து மாலை 6.30 ஆகும்போது அங்கே காலை 8 மணி. அந்தப் பெண் பள்ளிக்கூடம் புறப்படுமுன் ரொட்டி தின்னும் நேரம். கைப்பேசியை மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் தின்பாள். மாமி இங்கே தேநீர்க் கோப்பையோடு அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் பொதுவாக இருக்கும் சொற்கள் சில நூறு இருக்கலாம். பல நாட்கள் அதிகம் பேசுவதும் இல்லை. விசாத் தாள்கள் இன்னும் மகனிடம் இருக்கின்றன. போவதா வேண்டாமா என்பதை மாமி இனித் தாமே முடிவு செய்வார். நாம் அதில் தலையிடவில்லை.

தனிமை இன்று உலகக் கவலையாகிவிட்டது. பிரிட்டன் 2018-இல் அதற்கென ஓர் அமைச்சரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. ஜப்பான் 2021-இல் அவ்வாறே செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேருக்கு ஒருவர் இந்த மனவாட்டத்துக்கு ஆளாகியிருப்பதாகக் கூறுகிறது. அவ்வறிக்கை முதியோரை மட்டும் சொல்லவில்லை. இளைஞர்களிடையே இது மிகுந்திருப்பதையும் சுட்டுகிறது. கூட்டாளிகள் நிறைந்த விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருக்கலாம். அவ்வறிக்கையும் ஆட்தொடர்பு குறைந்திருத்தல் ஒன்று, அக்குறையை மனம் உணர்ந்து வருந்துதல் மற்றொன்று என்று இரண்டையும் பிரித்தே பேசுகிறது.

நாமும் பிரித்தே கேட்கவேண்டும். ஊரில் இருக்கும் உம்மாவிடமும், விடுதியில் இருக்கும் மகளிடமும், வளைகுடாவில் இருக்கும் மகனிடமும் 'கூட யார் இருக்கிறார்கள்?' என்று கேட்பது நம் வழக்கம். அது எண்ணிக்கையைக் கேட்பது. கேட்கட்டும், அதுவும் வேண்டியதே. அதன்பின் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கவேண்டும்: 'எந்த நேரம் கடக்கமாட்டேன் என்கிறது?' விடை வருவதற்குச் சற்று நேரமாகலாம். அதுவரை தொலைபேசியை வைத்துவிடாதிருப்போமாக.